நீ எழுதாத நாலு வரி

உன் பெயருக்குக் கீழே அச்சாகியிருக்கும் நாலு வரியும் பொய். அவற்றை நீ எழுதவில்லை. எழுதியவள் நான்.

அந்த நினைவுச் சீட்டு இப்போது என் மேசைமேல் இருக்கிறது. வேதப் புத்தகத்துக்குள் அடையாளம் வைக்கிற அளவு. ஒரு பக்கம் உன் படம், மறுபக்கம் அந்த வரிகள், மூலையில் ஊதா நிறத்தில் ஒரு புறா. பிளாஸ்டிக் உறையிலிருந்து சூடேறிய பசையின் வாசனை இன்னும் போகவில்லை. உன் முதலாம் ஆண்டு நினைவு ஆராதனைக்காகச் சபைச் செயலாளர் பிரிக்பீல்ட்ஸில் இருநூறு அடித்துக்கொண்டு வந்தார். "நீதான் அவளுக்கு நெருக்கம். நீயே வாசல்ல நின்னு குடும்மா" என்று கட்டை என் கையில் திணித்துவிட்டுப் போனார்.

படம் உனக்கே பிடிக்காத படம். நீலப் பின்னணி, காது தெரிய வாரிய தலை, சிரிக்காத வாய். குடியுரிமை விண்ணப்பத்துக்காக எடுத்தது. இந்த நாட்டில் நீ பிறந்தாய் என்று நிரூபிக்க, வருடத்துக்கு ஒருமுறை அப்படி ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தாய். எந்தக் கௌன்டரிலும் யாரும் அதை நிமிர்ந்து பார்க்கவில்லை. சபைதான் பார்த்தது, அதுவும் நீ செத்த பிறகு.

உன்னை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கிள்ளான் பள்ளிக்கூடத்து மண்டபத்தின் வெளிப்புறம். மூன்றாம் படிவத் தேர்வு. ஐசி என்கிற அடையாள அட்டை எண் இல்லாதவளுக்குத் தேர்வு எண் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கு வீட்டில் படுத்து அழுதிருப்பார்கள். நீ சீருடை போட்டுக்கொண்டு வந்து, மண்டபத்துக்கு எதிரே மரத்தடியில் நாசி லெமாக் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தாய். நான் வெளியே வந்ததும், "கட்டுரைக்கு என்ன குடுத்தாங்க?" என்று கேட்டாய். சொன்னேன். அங்கேயே நோட்டைத் திறந்து முக்கால் மணி நேரம் எழுதினாய். எழுதி முடித்து என்னிடம் நீட்டி, "மார்க் போடு. இரக்கப்பட்டுப் போடாத" என்றாய்.

நான் எழுபத்தெட்டு போட்டேன். நீ எண்பதுக்குச் சண்டை போட்டாய்.

உன் அம்மா எண்ணெய்ப்பனைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர். அவர் பிறந்ததை யாரும் பதியவில்லை. அதனால் உன் பிறப்பும் உன் தங்கையின் பிறப்பும் பதியப்படாமல் போயின. மூன்று பேரும் செய்த குற்றம் இவ்வளவுதான். அம்மா தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் கூட்டிப் பெருக்குகிறார், இன்றும். அதே லயத்தில், நல்ல வேளையாகப் பிறப்புப் பத்திரத்தோடு பிறந்தவர்தான் நம் செயலாளர் அங்கிள். ஒரே குழாயில் தண்ணீர் பிடித்த இரண்டு வீடுகள். இதை அவரே ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பெருமையாகச் சொல்வார்.

பள்ளி முடிந்து நான் இன்ஷூரன்ஸ் அலுவலகத்துக்குப் போனேன். நீ பிரிக்பீல்ட்ஸ் பூக்கடைக்குப் போனாய். சம்பளத்தைக் கையில் கொடுப்பார்கள், ஐசி கேட்க மாட்டார்கள். இருவருக்கும் ஒரே ரயில். கிள்ளானிலிருந்து தலைநகரின் சென்ட்ரல் நிலையம்வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். நீ ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வந்து, திங்கள் முதல் சனி மத்தியானம்வரை கோயில்களுக்கு மாலை கட்டினாய். "ரெண்டு பக்கமும் சொல்லி வச்சிருக்கேன். யாராச்சும் ஒருத்தர் ஃபைல பாத்தாப் போதும்" என்பாய்.

சபை அறிவிப்புப் பலகையில் அந்தத் தாளைப் பார்த்தது நீதான். சனிக்கிழமை மத்தியானங்களில் பன்னிரண்டு வார வகுப்பு. பழங்கால எபிரேயர்களின் பக்திப் பாடல்கள், அவற்றின் வடிவமும் அமைப்பும்.

"போலாமா?"

"எதுக்குடி?"

"ஐசி கேக்கல லா."

அதுதான் காரணம். உன் வாழ்க்கையில் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு உள்ளே விட்ட ஒரே வகுப்பு அது. ஒன்பது பேர் வந்தோம். அதில் ஐந்து பேர் இடைவேளையில் கொடுத்த கறி பஃபுக்காக வந்தவர்கள், என்னையும் சேர்த்து. இறையியல் கல்லூரியிலிருந்து வந்த விரிவுரையாளர் நன்றாகத்தான் நடத்தினார். ஆனால் எனக்கு அது விளங்கியது ரயிலில், உன்னோடு பேசிப் பேசித்தான்.

அந்தப் பாட்டுகளில் நாம் பழகிய எதுகை மோனையைத் தேடாதே என்றார்கள். அங்கே முக்கியமாக எதிரொலிப்பது பொருள். ஒரு வரி வரும். அதைக் கையில் ஏந்திக்கொண்டு இன்னொரு வரி வரும். இரண்டாவது வரி முதல் வரியையே வேறு சொல்லில் சொல்லலாம். எதிர்த்து நிற்கலாம். அல்லது ஒரு படி மேலே ஏறலாம். நீ அடுத்த திங்கட்கிழமையே அதை விளையாட்டாக்கிவிட்டாய். ஒருத்தி முதல் வரியைச் சொல்ல வேண்டும். அடுத்த நிலையத்துக்குள் மற்றவள் இரண்டாவதைச் சொல்ல வேண்டும். எழுத்துத் தமிழில், பிரசங்கக் குரலில்.

"பாடாங் ஜாவாவில் ரயில் நின்றுபோனது" என்பேன்.

"நின்ற காரணத்தை எவரும் நமக்கு அறிவிக்கவில்லை" என்பாய்.

"கூரையிலிருந்து ஏர்கோன் தண்ணீர் என் தலையில் சொட்டுகிறது."

"அபிஷேகம் பெற்றவளே, உன் குடையை விரி."

எதிர்வரி விளையாட்டில் நீ இரக்கமே காட்ட மாட்டாய். "புத்தியுள்ளவள் ஐந்தரைக்கே எழுந்திருக்கிறாள்" என்று நீயே ஆரம்பித்து, நான் வாய் திறப்பதற்குள், "மூடத் தோழியோ ஓடிவந்து கதவில் துப்பட்டாவை மாட்டிக்கொள்கிறாள்" என்று நீயே முடிப்பாய். அன்று காலை என் துப்பட்டா உண்மையிலேயே மாட்டிக்கொண்டிருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த மலாய் ஆன்டி, ஒன்றும் புரியாமலே, நம்மோடு சேர்ந்து ஷா ஆலம்வரை சிரித்துக்கொண்டு வந்தார்.

ஒருநாள் நான் சலித்துப்போய்ச் சொன்னேன். "இதுல என்னடி பெரிய கலை? சொன்னதையே திருப்பிச் சொல்றாங்க."

நீ சிரிக்கவில்லை. "நீ கௌன்டர்ல நின்னதில்ல. நான் எதையும் ஒரு தடவ சொன்னா அவங்க தலையத் தூக்க மாட்டாங்க. முதல் வரி சும்மா சத்தம். ரெண்டாவது வரி சொல்றப்பதான் ஒரு ஆளு நிக்குதுன்னே தெரியும்."

அதற்குப் பிறகு அந்தப் பாட்டுகளை நான் வேறு மாதிரி படிக்க ஆரம்பித்தேன். மூவாயிரம் வருடத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் ஒரு கௌன்டரில் நிற்பதுபோல.

அந்தப் பாட்டுகளின் நடுவே 'சேலா' என்று ஒரு சொல் வரும். பொருள் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. நிறுத்து என்கிறார்கள் சிலர், வாத்தியத்தை உயர்த்து என்கிறார்கள் சிலர். வகுப்பில் இதைச் சொன்னதும் நீ கையைத் தூக்கினாய். "சார், எனக்குத் தெரியும். 'துங்கு செபெந்தார்.'" கொஞ்சம் பொறு என்று எல்லாக் கௌன்டரிலும் சொல்கிற மலாய். கறி பஃபுக்கு வந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். விரிவுரையாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இத விட நல்ல விளக்கம் நான் கேட்டதில்ல" என்றார்.

எழுத்து வரிசைப் பாட்டுகள்மேல்தான் உனக்குப் பைத்தியம். எபிரேயத்தில் இருபத்திரண்டு எழுத்து. முதல் எழுத்தில் ஒரு வரி, இரண்டாம் எழுத்தில் ஒரு வரி என்று கடைசி எழுத்துவரை போகும். நகரம் இடிந்து, பிள்ளைகள் பசியில் சாகும்போதுகூட அந்த ஒழுங்கில் அழுதிருக்கிறார்கள். எனக்கு அது செயற்கையாகப் பட்டது. அழுகிறவன் அகர வரிசை பார்ப்பானா என்று கேட்டேன். "பாக்கணும். இல்லாட்டி எங்க நிறுத்தறதுன்னு தெரியாதுடி" என்றாய். புலம்பலுக்கென்றே ஒரு நடை உண்டு என்று சொல்லித் தந்தார்களே, முன்பாதியில் மூன்று அழுத்தம், பின்பாதியில் இரண்டு. கால் இழுத்து நடக்கிறவர் போல. நீ அதை ரயில் ஜன்னலில் விரலால் தட்டிக்கொண்டே வருவாய். டக் டக் டக். டக் டக். சுபாங் தாண்டியதும் தூங்கிவிடுவாய். விரல் மட்டும் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டிருக்கும்.

வகுப்பின் கடைசி வாரங்களில் புலம்பல் பாட்டின் அமைப்பு வந்தது. முதலில் கூப்பிடுவது. பிறகு முறையிடுவது. பிறகு கேட்பது. பிறகு திடீரென்று ஒரு திருப்பம், 'ஆனாலும்' என்று. அங்கிருந்து நம்பிக்கை, துதி. நடுவில் என்ன நடந்தது என்று பாட்டில் இருக்காது. ஒருவேளை அந்த இடைவெளியில் ஆலயத்து ஆசாரியர் எழுந்து, 'உன் குரல் கேட்கப்பட்டது' என்று பதில் சொல்லியிருப்பார், அந்தப் பதில் எழுதப்படவில்லை என்று ஒரு ஊகம் உண்டாம். உறுதியில்லை, ஊகம்தான்.

நீ அதைப் பிடித்துக்கொண்டாய். அன்று ரயிலில் விளையாட்டே இல்லை. "அப்போ பதில் வந்த பிறகுதான் ஸ்தோத்திரம். பதிலே வராத ஆளு எதுக்கு ஸ்தோத்திரம் பண்ணணும்?"

"அப்படியும் ஒண்ணு இருக்குன்னு சொன்னாரே" என்றேன். முழுக்க முறையிட்டு, திருப்பமே இல்லாமல், இருட்டு என்ற சொல்லிலேயே நின்றுபோகிற ஒரு பாட்டு.

"ஆமாடி. அதத் தூக்கி வெளிய போடாம வச்சிருக்காங்க பாரு. மத்த பாட்டோட சேத்து, பாடறதுக்குன்னு. அந்த ஒண்ணுக்காகவே நான் இந்தச் சபையில இருக்கேன்."

ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலைக் கூட்டத்தை வாலிபர்களிடம் விட்டார்கள். நீ எழுதுகிறேன் என்றாய். மாலைகளுக்கு நடுவே, பூ மடிக்கிற செய்தித்தாளின் ஓரத்தில் எழுதினாய். தமிழ் உயிரெழுத்து பன்னிரண்டு, எழுத்துக்கு இரண்டு வரி. நீ முதல் வரியைப் படிக்க, சபை இரண்டாவதைப் படிக்க வேண்டும். தினமும் ஒன்றிரண்டை ரயிலில் எனக்குப் படித்துக்காட்டுவாய். தாளில் சாமந்தி வாசனை அடிக்கும்.

ஆண்டவரே, பதினோரு முறை வரிசையில் நின்றேன்;
என் முறை வந்தபோது கௌன்டரை மூடினார்கள்.

உம்முடைய புத்தகத்தில் என் பெயர் உண்டென்றால்
உரக்க வாசியும், இந்த அறைக்குக் கேட்கட்டும்.

ஐந்து விரலிலும் மை தடவினார்கள்;
கழுவிக்கொண்டு போ என்றார்கள்.

கடைசி எழுத்தில் மாட்டிக்கொண்டாய். "ஔ-வுக்கு என்னடி இருக்கு? தமிழ்க்காரன் அங்க வந்து களைச்சிப் போயிட்டான் லா." மூன்று நாள் தேடினோம். நான்காம் நாள் நீ ரயில் கதவிலேயே கத்தினாய்.

ஔடதம் எங்கே இருக்கிறதென்று எல்லோருக்கும் தெரியும்;
கதவைத் திறக்கப்போவது யார்?

அதோடு நிறுத்திவிட்டாய். திருப்பம் கிடையாது. "பதில் வரல. அதனால பாட்டு அங்கயே நிக்கும்" என்றாய். தட்டச்சு செய்து நகல் எடுக்கும் வேலையை என்னிடம் கொடுத்தாய், ஏனென்றால் என்னை நம்பினாய்.

செவ்வாய்க்கிழமை செயலாளர் அங்கிள் தாளை வாங்கிப் பார்த்தார். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நல்லா எழுதிருக்கா. ஆனா முடிவு எங்கம்மா? ஜெபம்னா ஸ்தோத்திரத்துல முடியணும். சனங்க இப்படித் தொங்கிட்டா வீட்டுக்குப் போவாங்க?"

"அவ அப்படித்தான் எழுதிருக்கா அங்கிள்."

"வெள்ளிக்கிழம லாயர் ஒருத்தர் வராரு. அவ ஃபைலப் பத்திச் சொல்லி வச்சிருக்கேன். இதக் கேட்டா அவரு என்ன நெனப்பாரு? கோவக்காரப் பொண்ணுக்கு யாரு லா உதவி பண்ணுவா?"

உன் ஃபைல். அந்தச் சொல் போதும், நான் விழுந்துவிட்டேன். நகல் கடையில் இயந்திரம் சூடாகிற பத்து நிமிடத்தில், தாளின் பின்பக்கத்துக்கு நாலு வரி தட்டினேன்.

ஆனாலும் என் உள்ளம் அமைதி கொண்டது;
உம்முடைய நேரமே நல்ல நேரம்.
என் காத்திருப்பை நீர் பார்த்துக்கொள்வீர்;
உமக்கே ஸ்தோத்திரம், இன்றும் நாளையும்.

பன்னிரண்டு வாரம் வகுப்பில் உட்கார்ந்தவள் நான். திருப்பம் எப்படி வரும், 'ஆனாலும்' எங்கே விழும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் பொய் அவ்வளவு பொருத்தமாக இருந்தது. உன்னிடம் சொல்லவில்லை. உனக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்தேன். நம் ஆட்கள் எல்லாத் துரோகத்தையும் இந்த வாக்கியத்தைச் சொல்லித்தான் செய்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை நீ உன் கையெழுத்துத் தாளை வைத்துக்கொண்டு முன்னால் நின்றாய். பச்சைச் சுடிதார், தலையில் கடையிலிருந்து எடுத்து வந்த ஒரு முழம் மல்லிகை. நீ ஒரு வரி, சபை ஒரு வரி. மூன்றாவது எழுத்துக்குள் கூட்டம் மாறிவிட்டது. பின்வரிசையில் கையுறைத் தொழிற்சாலை அக்காக்கள் தாளைப் பார்க்காமலே உன்னைப் பார்த்துப் படித்தார்கள். உன் அம்மா, ஞாயிறுகூட வராதவர், அன்று வந்து தூண் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். கடைசி எழுத்து. 'கதவைத் திறக்கப்போவது யார்?' என்று சபை முழுக்க உன்னைக் கேட்டது. நீ தாளை மடித்தாய். அந்த அமைதியை அப்படியே விட்டுவிட்டு இறங்கப்போனாய்.

இருநூறு தாள்கள் ஒரே நேரத்தில் புரளும் சத்தம் கேட்டது. சபை எல்லோருமாகச் சேர்ந்து, இசை போல, 'ஆனாலும் என் உள்ளம் அமைதி கொண்டது' என்று படிக்க ஆரம்பித்தது.

உன் முகத்தை அப்போது பார்த்தவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லோரும் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆமென் அவ்வளவு பலமாக நான் அந்தச் சபையில் கேட்டதில்லை. எல்லோருக்கும் மூச்சு திரும்பி வந்துவிட்டது. பிறகு பின்கூடத்தில் மீகூன், தேத்தண்ணி. நீ ஃபைலோடு வழக்கறிஞர் முன்னால் போய் நின்றாய். அவர் உன் தலையில் கை வைத்தார். "ரொம்ப நல்லா இருந்துச்சும்மா. அந்தக் கடைசி வரி இருக்கே, என்னா ஒரு சமாதானம்! இந்த மனசு இருக்கற வரைக்கும் உனக்கு ஒரு குறையும் வராது. அவசரப்படாத. ஃபைல அப்புறம் பாப்போம்." இடது கையில் தட்டு இருந்ததால் அவரால் ஃபைலை வாங்கக்கூட முடியவில்லை.

படிக்கட்டில் நீ என்னிடம் கத்தியிருக்கலாம். மெதுவாகத்தான் சொன்னாய். "நான் கேள்வி கேட்டேன். நீ பதில் எழுதிட்ட. அவங்க நிம்மதியா சாப்பிடப் போயிட்டாங்க."

மூன்று வாரம் வேறு ரயிலில் போனாய். நான்காவது திங்கட்கிழமை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். மடியில் ஒரு பொட்டலம் இடியப்பம், எனக்கும் சேர்த்து. பாதி வழிவரை இருவரும் சாப்பிட்டோம். பிறகு, "கோவம் போயிடுச்சு. ஆனா மன்னிச்சிட்டேன்னு சொல்ல மாட்டேன். சொன்னா அதுவும் நீ எழுதுன ஸ்தோத்திரம் மாதிரி ஆயிடும்" என்றாய். சொல்லிவிட்டு, "தேங்காப்பூ உன் மூக்குல இருக்கு" என்றாய். அதற்கப்புறம் நமக்கு எட்டு மாதம் இருந்தது. நல்ல எட்டு மாதம். தீபாவளிக்கு முந்தின வாரம் கடையில் உனக்கு உதவியாக நானும் உட்கார்ந்து பூ கட்டினேன். நான் கட்டியது முழுவதையும் நீ பிரித்துத் திரும்பக் கட்டினாய். "உன் மாலையப் போட்டா சாமி தும்மும்."

பிறகு காய்ச்சல். நாலு நாள் பனடோல் போட்டுக்கொண்டு கிடந்தாய். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றால், "முதல்ல ஐசி கேப்பாங்க. அப்புறம் யாருன்னு கேப்பாங்க. நான் எதுக்குப் பதில் சொல்ல? ரெண்டு நாள்ல எறங்கிரும்" என்றாய். இறங்கியது. இறங்குகிறபோதுதான் டெங்கி ஆளைக் கொல்லும் என்று பிறகு ஒரு டாக்டர் பையன் எனக்குச் சொன்னான். உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோது யாரும் ஐசி கேட்கவில்லை. கேட்பார்கள் என்று பதினைந்து வருடமாக உனக்குப் பழக்கியிருந்தார்கள், அது போதுமாக இருந்தது.

அடக்க ஆராதனையில் செயலாளர் எழுந்து, "நம்ம மகளோட கடைசி சாட்சி" என்று சொல்லி அந்த நாலு வரியைப் படித்தார். குரல் உடைந்து, உண்மையாக அழுதுகொண்டு படித்தார். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். எழுந்து, 'அது அவள் எழுதியதில்லை' என்று சொல்ல ஐந்து சொல்கூட வேண்டியிருக்காது. வாய் திறக்கவில்லை. உன்னுடைய இருபத்துநாலு வரியில் ஒன்றுகூட அன்று படிக்கப்படவில்லை.

இப்போதும் அதே ரயில்தான். காலையில் முதல் வரியைச் சொல்லிப் பார்க்கிறேன், உதடு அசையாமல். ஷா ஆலம் போகும், சுபாங் போகும். இரண்டாவதை நானே சொல்லிக்கொள்ள முடியாது என்று இல்லை. முடியும். நான் கட்டிய மாலை மாதிரி இருக்கும். அலுவலகத்தில் யாராவது வந்து ஒன்றைச் சொன்னால், இப்போதெல்லாம் உடனே தலையைத் தூக்கிவிடுகிறேன். இரண்டாவது தடவை அவர்களைச் சொல்லவைப்பதில்லை. உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதுதான். பூ மடித்த உன் தாளும் என்னிடம்தான் இருக்கிறது.

இன்று காலை உன் நினைவு ஆராதனை. ஒன்றை மட்டும் உருவிக்கொண்டு, நினைவுச் சீட்டுக் கட்டை அப்படியே வைத்துவிட்டேன். வாசலில் நிற்காமல் நேராக முன்னால் போனேன். உன் தாளிலிருந்து படித்தேன், பன்னிரண்டு எழுத்தும். சபைக்கு இரண்டாம் வரி கையில் இல்லாததால் இரண்டையும் நானே படித்தேன். பிறகு சொன்னேன், "இதுக்கு அப்புறம் ஒரு நாலு வரி நீங்க எல்லாரும் மனப்பாடமா வச்சிருக்கீங்க. அது அவ எழுதல. நான் எழுதுனேன். அவளுக்குத் தெரியாம எழுதுனேன்."

மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. செயலாளர் முன்வரிசையிலிருந்து மெல்லக் கை காட்டினார். "சரிம்மா, சரி. ஒரு ஸ்தோத்திரம் சொல்லி முடிச்சிரு."

"இன்னும் முடியல அங்கிள்."

உன் தங்கை இரண்டாவது வரிசையில் அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பதினேழு. உன் கண், உன் பிடிவாதம், உன்னைப் போலவே ஐசி இல்லை. நாளைக் காலை ஒன்பது மணிக்கு அவளுக்குக் கௌன்டரில் நேரம் கொடுத்திருக்கிறார்கள். குடும்பத்தைப் பத்து வருடத்துக்கு மேல் தெரிந்த குடிமக்கள் இரண்டு பேர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். இதைச் சபைக்குச் சொன்னேன். "ஒருத்தி நான். இன்னொருத்தர் வேணும்."

யாரோ இருமினார்கள். ஒரு அக்கா, நாளைக்கு ஷிப்ட் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். பின்கூடத்திலிருந்து மீகூன் வாசனை வந்தது.

"அங்கிள், நீங்களும் இவங்க அம்மாவும் ஒரே லயம். ஒரே குழாயில தண்ணி பிடிச்சவங்க. இவ பொறந்தப்ப பாக்கப் போனீங்கன்னு நீங்களே சொல்லிருக்கீங்க."

செயலாளர் எழுந்தார். வருகிறேன் என்று சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன். அவர் இரண்டு கையையும் கோத்து, தலையைக் குனிந்து, "ஜெபிப்போம்" என்றார். சபை முழுக்கத் தலை குனிந்தது. நான் குனியவில்லை. உன் தங்கையும் குனியவில்லை.

"கண்ண மூடாதீங்க அங்கிள்" என்றேன். "நாளைக்கு ஒம்பது மணிக்கு வரீங்களா, இல்லையா?"